உட்பகை

புறத்தேயிருந்து வரும் கிருமிகளை எதிர்ப்பதற்கென உடல் தனக்குள் ஒரு காவற்படையைப் பேணுகிறது. அப்படை சிலரிடத்தில், தான் காக்க வேண்டிய உறுப்பின்மீதே பாய்கிறது. பகைவரை ஆராயும் திருக்குறள், உட்பகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. உடலுக்குள்ளும் உட்பகை உண்டென்பதை மருத்துவ உலகம் முழுமையாக ஒப்புக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் பாதி கழிய வேண்டியிருந்தது. கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பியே அவ்வுண்மையைப் பெரிதும் ஐயமற விளக்கியது.

சோம்பல் எனப்பட்டது

பல ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். பன்னிரண்டாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வில் பின்தங்கிப்போனாள். முதல் பாடவேளையிலேயே அவளுக்குக் கண் சொருகும். விடை தெரிந்திருந்தும் எழுந்து கூற நேரமாகும். குரல் கரகரத்திருந்தது. புரட்டாசி வெயிலிலும் மின்விசிறியின் கீழ் அமர மாட்டாள். இரவில் கண்விழித்துக் கைப்பேசி பார்ப்பதாகக் கருதி அவளைக் கடிந்துகொண்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன். வீட்டிலும் சோம்பல் என்றே கூறினர்.

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்காக எடுத்த ஒளிப்படத்தில்தான் அவள் கழுத்தின் முன்புறம் தடித்திருந்தது உடற்கல்வி ஆசிரியையின் கண்ணில் பட்டது. குருதி ஆய்வு செய்யப்பட்டது. மருத்துவர் கூறிய நோயின் பெயர் ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி. சில நாள் கழித்து அம்மாணவி என்னிடம், "ஐயா, என் உடம்பே என்னைத் தாக்குகிறதாம். அது எப்படி?" என்று வினவினாள். தமிழாசிரியனாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடிப் படித்தவற்றின் பயனே இக்கட்டுரை.

வண்ணத்துப்பூச்சி வடிவச் சுரப்பி

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியவாறு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைராய்டு. வளர்ந்தவரிடத்து அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். உணவின்வழி வரும் அயோடினை ஈர்த்து, உடலின் வளர்சிதை மாற்றத்தை நெறிப்படுத்தும் இயக்குநீர்களை அது ஆக்குகிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது தைராக்சின். மூன்று கொண்டது டிரைஅயோடோதைரோனின். இதயம் துடிக்கும் விரைவு, உடல் வெப்பம், குடலின் அசைவு, சிந்தையின் சுறுசுறுப்பு ஆகியன எல்லாம் இவற்றின் அளவைப் பொறுத்தன.

இச்சுரப்பியில் மூன்று புரதங்களை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இயக்குநீரைச் சேமித்துவைக்கும் களஞ்சியம் தைரோகுளோபுலின். அதில் அயோடினைப் பிணைக்கும் நொதி தைராய்டு பெராக்சிடேஸ். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் தைராய்டு தூண்டும் இயக்குநீரை ஏற்றுக்கொள்வது, உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி. பின்னர் விளக்கப்படும் தாக்குதல்கள் அனைத்திற்கும் இம்மூன்றே இலக்கு. தைராய்டு தளரும்போது பிட்யூட்டரி மேலும் மேலும் தூண்டிப் பார்க்கிறது. ஆகவேதான் குருதி ஆய்வில் 'டி.எஸ்.எச்.' எனக் குறிக்கப்படும் தூண்டும் இயக்குநீரின் அளவு உயர்ந்து காணப்படுகிறது.

ஹாஷிமோட்டோ கண்டது

ஜப்பான் நாட்டுக் கியூஷு பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவம் பயின்றுவந்த ஹகரு ஹாஷிமோட்டோ, கழுத்துக் கழலைக்காக அறுவை செய்துகொண்ட நான்கு பெண்களின் தைராய்டுத் திசுக்களை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். சுரப்பியின் இயல்பான அமைப்பு சிதைந்திருந்தது. அவ்விடத்தை நிணநீரணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் கூட்டங்கூட்டமாக நிறைத்திருந்தன. நிணநீர் முடிச்சுகளில் காணத்தக்க வட்டவடிவத் திரள்கள் ஒரு சுரப்பிக்குள்ளே கூடாரமிட்டாற்போல் அமைந்திருந்தன. இதுவரை எவரும் விளக்காத நோய் இது எனத் துணிந்து, 1912இல் செருமானிய மொழியில் ஓர் ஆய்வுக் கட்டுரையை அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது.

மேலை மருத்துவர் பலர் அதனைத் தனி நோயாக ஏற்கவில்லை. ஏற்கெனவே அறியப்பட்ட வேறொரு தைராய்டு அழற்சியின் தொடக்கநிலை என்றே கருதினர். 1931இல் அமெரிக்க மருத்துவர் ஆலன் கிரகாம் இது வேறு நோயென வலியுறுத்திய பின்னரே ஹாஷிமோட்டோவின் பெயர் நூல்களில் இடம்பெறலாயிற்று. அவரோ செருமனியில் மேற்பயிற்சி பெற்றுவந்த நாளில் முதல் உலகப்போர் மூண்டது. தாயகம் திரும்பித் தம் சொந்த ஊரில் மருத்துவராகப் பணியாற்றி, 1934இல் குடற்காய்ச்சலால் மறைந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் மருத்துவச் சீட்டில் தம் பெயர் எழுதப்படும் என்பதை அவர் எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்.

வெள்ளையணுக்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன என்பதை ஹாஷிமோட்டோவால் கூற இயலவில்லை. அக்காலத்தில் அதற்கு ஒரு கொள்கைத் தடையும் இருந்தது. நோய் எதிர்ப்பியலின் முன்னோடியான பால் எர்லிக், வெள்ளாடுகளின் உடலில் பிற ஆடுகளின் குருதியைச் செலுத்திப் பார்த்தவர். அவை பிற ஆட்டின் குருதியணுக்களுக்கு எதிர்ப்பொருளை ஆக்கினவேயன்றித் தம் குருதியணுக்களுக்கு எதிராக ஒருபோதும் ஆக்கவில்லை. தன்னைத் தானே நச்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சுகிறது என்று எர்லிக் அதற்கு விளக்கம் தந்தார். அவ்வச்சத்தைக் காக்கும் ஏற்பாடு ஏதோ ஒன்று உடலில் இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. வழிவந்தோரோ, தன்னெதிர்ப்பு நிகழவே நிகழாது என்று அதனைச் சுருக்கிக்கொண்டனர். பெரியவர் ஒருவரின் கூற்றை அவரே கருதாத அளவிற்கு இறுக்கிப் பிடிப்பது இலக்கண உரையாசிரியரிடையே மட்டும் காணப்படும் பழக்கமன்று போலும்!

1956

1956ஆம் ஆண்டில், ஒன்றற்கொன்று தொடர்பின்றி, மூன்று இடங்களில் அத்தடை உடைந்தது.

இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய டெபோரா டோனியாக், ஹாஷிமோட்டோ நோயாளிகளின் குருதியில் எதிர்ப்பொருள்களைக் கொண்ட புரதப் பகுதி மிகுந்திருப்பதையும், தைராய்டை அகற்றியபின் அது குறைவதையும் கவனித்தார். சுரப்பியே அவ்வெதிர்ப்பைத் தூண்டுகிறதோ என்னும் ஐயம் எழுந்தது. அவரும் ஐவன் ராய்ட், பீட்டர் கேம்பெல் முதலியோரும் நோயாளியின் குருதிநீரையும் மனிதத் தைராய்டின் சாற்றையும் ஒருங்கே வைத்தனர். இரண்டும் சந்தித்த இடத்தில் வெண்படிவு தோன்றியது. நோயாளியின் குருதியில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது என்பதற்கு அப்படிவே சான்று.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ் என்னும் இளைஞர், முயலின் தைராய்டுச் சாற்றை முயல்களுக்கே செலுத்தினார். அவற்றின் தைராய்டுகள் ஹாஷிமோட்டோ வரைந்துகாட்டியவாறே வெள்ளையணுக்களால் நிறைந்தன. ரோஸின் ஆசான் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் மாணவப் பரம்பரையில் வந்தவர். தம் குருமரபின் கொள்கைக்கு மாறான முடிவைத் தம் ஆய்வகத்திலேயே கண்டு, அதனை வெளியிட்டவர் அவர். நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் இருவரும் தைராய்டு மிகைச்சுரப்பு நோயாளிகளின் குருதியில், பிட்யூட்டரியிலிருந்து வராத, நெடுநேரம் தூண்டும் ஆற்றலுடைய ஒரு பொருளைக் கண்டறிந்தனர். அதுவும் ஓர் எதிர்ப்பொருளே என்பது பின்னர் தெளிவாயிற்று.

அதே ஆண்டில் நம் நாட்டிலும் தைராய்டு குறித்த பேராய்வு ஒன்று தொடங்கிற்று. இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றற்கு வெறும் உப்பையும் வழங்கி, அயோடின் உப்பால் கழுத்துக் கழலை குறைவதை வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் மெய்ப்பித்தனர். இன்று நாம் அயோடின் உப்பை உண்பதற்கு அடித்தளமிட்டது அவ்வாய்வு. கழுத்து வீங்கினாலே அயோடின் குறைவு என்று பலரும் எண்ணுவதற்கும் அப்பழைய நிலையே காரணம். ஆனால் நான் கூறிய மாணவியின் வீட்டில் ஆண்டாண்டாக அயோடின் உப்பையே பயன்படுத்திவந்தனர். அவளுக்கு நேர்ந்தது குறைபாடன்று, தாக்குதல்.

தன்னை அறியும் கல்வி

இனி, காவலர் தம்மவரை எவ்வாறு அறிகின்றனர் என்பதைக் காண்போம். நிணநீரணுக்களுள் பி-உயிரணுக்கள், டி-உயிரணுக்கள் என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. பி-உயிரணுக்கள் எதிர்ப்பொருள்களை ஆக்குவன. டி-உயிரணுக்களுள் சில பிற காவலணுக்களை ஏவுவன. சில நேரே சென்று கொல்வன. ஒவ்வொரு டி-உயிரணுவும் தனக்கே உரிய ஓர் ஏற்பியைத் தாங்கிப் பிறக்கிறது. அதன் வடிவம் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிச் சேர்த்தாற்போல் அமைவது. இனி வரப்போகும் கிருமி எதுவென உடலுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆதலின் எண்ணிறந்த வடிவங்களை ஆக்கிவைக்கிறது. அவ்வாறு ஆக்கும்போது தன் உடலின் புரதங்களோடு பொருந்தும் வடிவங்களும் தவிர்க்கவியலாது தோன்றிவிடுகின்றன. தன்னெதிர்ப்பின் வித்து நம் ஒவ்வொருவரிடத்தும் உண்டு என்பதே இதன் பொருள்.

மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் என்னும் உறுப்பு இவற்றைத் தேர்வுக்கு உட்படுத்துகிறது. உடலின் பல உறுப்புகளுக்கே உரிய புரதங்களின் மாதிரிகள் அங்கே சிறிதளவு ஆக்கப்பெறுகின்றன; தைரோகுளோபுலினும் அவற்றுள் ஒன்று. அம்மாதிரிகளை இறுகப் பற்றும் டி-உயிரணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேர்வுக்கு வந்தவற்றுள் தேறி வெளியேறுவன மிகச் சிலவே. ஆயினும் எந்தத் தேர்விலும் போல இதிலும் சில தப்பிவிடுகின்றன.

தப்பியவற்றை அடக்கிவைப்பது எது? இவ்வினாவிற்கு விடை தந்தவையும் சோதனை எலிகளே. பிறந்த மூன்றாம் நாளில் எலிக்குஞ்சின் தைமஸை அகற்றினால் எதிர்ப்பாற்றல் குன்றும் என்றே எதிர்பார்க்கலாம். மாறாக, அவ்வெலிகளின் உறுப்புகள் அவற்றின் காவலணுக்களாலேயே சிதைந்தன. ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி இப்புதிரைப் பற்றிக்கொண்டார். நலமான எலிகளின் டி-உயிரணுக்களைச் செலுத்தியபோது அந்நோய் தடுக்கப்பட்டது. அடக்குவதற்கென்றே ஒருவகை டி-உயிரணு இருக்க வேண்டும் என அவர் கருதினார். அதனை நம்புவார் அந்நாளில் மிகக் குறைவு. 1995இல் அவ்வுயிரணுக்களை அடையாளங்கண்டு, அவற்றை நீக்கிய எலிகளுக்குத் தைராய்டு அழற்சி உள்ளிட்ட பல நோய்கள் தோன்றுவதை அவர் காட்டினார். அவையே ஒழுங்காற்று டி-உயிரணுக்கள். அவற்றை ஆளும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் சகாகுச்சிக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. எர்லிக் உய்த்துணர்ந்த 'ஏற்பாடு' அகப்பட ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

சுரப்பிக்குள் நிகழ்வது

அடக்கும் அணுக்கள் தளரும்போதோ ஏவும் அணுக்கள் மிகும்போதோ தாக்குதல் தொடங்குகிறது. கிளைகள் விரிந்த ஒருவகைக் காவலணு தைராய்டிலிருந்து புரதத் துண்டுகளை ஏந்தி அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குச் செல்கிறது. அங்கே, தைமஸின் தேர்வில் தப்பிய ஏவல் டி-உயிரணு ஒன்று அத்துண்டை அடையாளங்கண்டு பெருகுகிறது. அதன் வழித்தோன்றல்கள் சுரப்பிக்குள் புகுந்து இன்டர்ஃபெரான் காமா முதலிய குறிப்புப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கொல்லும் டி-உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. அவை தைராய்டு உயிரணுவின் உறையில் துளையிட்டு, உள்ளே நொதிகளைச் செலுத்தி, அவ்வுயிரணு தானே மடியும்படி செய்கின்றன. இறப்பு ஆணையை ஏற்கும் ஃபாஸ் எனப்படும் ஏற்பியின் வழியாகவும் சாவு நேர்கிறது. பி-உயிரணுக்களோ சுரப்பிக்குள்ளேயே குடியேறி, வட்டத் திரள்களாகக் கூடி, தைராய்டு பெராக்சிடேசுக்கும் தைரோகுளோபுலினுக்கும் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. ஹாஷிமோட்டோ கண்ட கூடாரங்கள் இவையே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மருத்துவர் ஆய்வுக்கு எழுதுவது பெராக்சிடேசுக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான். ஆகவே அதுவே சுரப்பியை அழிக்கிறது என்று கருதத் தோன்றும். உண்மையை உணர்த்துவது தாய்மை. கருவுற்ற தாயின் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்வன; உயிரணுக்கள் அவ்வாறு பெருமளவில் செல்வதில்லை. ஹாஷிமோட்டோ நோயுடைய தாயின் எதிர்ப்பொருளை ஏற்றுப் பிறக்கும் குழந்தையின் தைராய்டு பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. எனவே அழிப்பில் முதற்பங்கு உயிரணுக்களுக்கே. அவ்வெதிர்ப்பொருள் பெரிதும் தாக்குதல் நடப்பதை அறிவிக்கும் அடையாளம்.

கிரேவ்ஸ் நோயில் நிலைமை தலைகீழ். அயர்லாந்து மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விளக்கிய இந்நோயில், ஏவல் டி-உயிரணுக்களின் துணையோடு பி-உயிரணுக்கள் ஆக்கும் எதிர்ப்பொருள், சுரப்பியின் தூண்டல் ஏற்பியில் சென்று அமர்கிறது. அது அழிப்பதில்லை, பிட்யூட்டரியின் ஆணையைப் போலவே நடித்துச் சுரப்பியை ஓயாது முடுக்குகிறது. உடல் மெலியும், இதயம் படபடக்கும், கை நடுங்கும். விழிக்குழியின் திசுக்களிலும் அவ்வேற்பி இருப்பதால் சிலருக்குக் கண்கள் பிதுங்குகின்றன. இத்தகைய தாயின் எதிர்ப்பொருள் குழந்தையை அடைந்தால், பிறந்த குழந்தைக்கும் மிகைச்சுரப்பு தோன்றக்கூடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்ததும் அது நீங்கிவிடும். ஒரே சுரப்பி, ஒரே காவற்படை. ஒன்றில் அழிவு, மற்றொன்றில் ஓயாத முடுக்கம். உட்பகை என்னும் சொல்லை நான் தலைப்பாக வைத்தேனாயினும் அது முற்றும் பொருந்துவதன்று. உட்பகைவர் வஞ்சம் உடையவர். இவ்வணுக்களிடம் வஞ்சம் இல்லை. தம் கடமையைச் செவ்வனே செய்கின்றன. ஆள் அடையாளத்தில் மட்டுமே பிழைக்கின்றன.

அடக்கம் ஏன் குலைகிறது

ஒற்றைக் காரணம் இல்லை. புரதத் துண்டுகளை ஏந்திக்காட்டும் மூலக்கூறுகளின் மரபணுக்கள், டி-உயிரணுவின் தடைக்கட்டைகளாக விளங்கும் மரபணுக்கள் ஆகியவற்றின் சில வேறுபாடுகள் இந்நோய்க்கு இடந்தருகின்றன. ஆயினும், ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு மிகுதி. கருவுற்ற காலத்தில், குழந்தையை அயலெனத் தாக்காதிருக்கத் தாயின் காவற்படை அடங்கியிருக்கிறது; மகப்பேற்றுக்குப்பின் அது மீண்டும் எழும்போது சிலருக்குத் தைராய்டு அழற்சி தோன்றுகிறது. பிள்ளை பெற்றவளின் அயர்வையும் மனச்சோர்வையும் ஊரார் வேறு விதமாகப் பேசும் வீடுகளில் இதனை அறிந்திருத்தல் நன்று. அயோடின் மிகுதியாக ஏறிய தைரோகுளோபுலின் காவலணுக்களை எளிதில் தூண்டுகிறது என்பதும் உண்மையே. அதனால் அயோடின் உப்பைக் கைவிடலாம் என்று சிலர் கூறுவது காங்ராவை மறந்த பேச்சு.

தடைக்கட்டையின் வலிமையைப் புற்றுநோய் மருத்துவம் எதிர்பாராத வகையில் காட்டியது. புற்றணுக்களைத் தாக்குவதற்காக டி-உயிரணுக்களின் தடையை நீக்கும் மருந்துகள் இன்று பயன்படுகின்றன. அவற்றிற்கு வழிகோலிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்தை ஏற்போருள் சிலருக்குப் புற்று குறைய, தைராய்டு அழற்சி தோன்றுகிறது.

மருந்தும் மாணவியும்

குன்றிய சுரப்பிக்கு மாற்றாகத் தைராக்சின் மாத்திரை தரப்படுகிறது. காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக உண்ண வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் இதனை உடலில் சேரவிடாது தடுப்பதால் அவற்றிற்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இம்மாத்திரை இழந்த இயக்குநீரை ஈடுசெய்கிறதேயன்றித் தாக்கும் அணுக்களை அடக்குவதில்லை. ஒழுங்காற்று உயிரணுக்களைப் பெருக்கி அடக்கும் வழியை ஆய்வாளர் தேடிவருகின்றனர். இடையில், எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை வாங்கி இந்நோயாளிகளுக்குத் தருவோரும் உளர். எதிர்ப்பின் குறைவால் வந்த நோயன்று இது என்பதை அவர்களுக்கு யார் எடுத்துரைப்பது?

அம்மாணவிக்கு ஆறு வாரம் கழித்து மீண்டும் குருதி ஆய்வு செய்து மாத்திரையின் அளவைச் சற்று உயர்த்தினர். அரையாண்டுத் தேர்வில் அவள் எல்லாப் பாடங்களிலும் தேறினாள். இரண்டாம் திருப்புதல் தேர்வன்று வகுப்பறைக்குள் வந்தவள், எவரும் கூறாமலே மின்விசிறியின் கீழிருந்த இருக்கையில் சென்று அமர்ந்தாள்.